கொதிக்க வைத்துக் குடிக்கவும்

சஸ்காட்செவனின் வடக்கு. ஜனவரி.
மைனஸ் முப்பத்து நான்கு.
என் டிரக்கில் ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.
அந்தப் பக்கம் அவளை உட்கார வைத்திருந்தேன்.
கட்சி எனக்குத் தந்தது பெட்ரோல் காசும்
வாக்காளர் பட்டியலும்.
போன தேர்தலில் நான் எதிர்க்கட்சிக்குப் போட்டவன் என்பதை
சுன்னிவா ஃப்ரீசனிடம்
இன்றுவரை சொல்லவில்லை.

கதவு திறந்ததும் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்:
"மேலே கழிப்பறை எப்படி?"
பள்ளிக்கூடப் பையன் கேட்டான், பாதிரியாரும் கேட்டார்.
ஒவ்வொரு முறையும்
முதல் முறை போலவே சொன்னாள்:
ஒரு புனல், ஒரு குழாய், உறிஞ்சும் விசிறி.
சிரித்தார்கள். தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.
கதவு சாத்திய பிறகு பார்த்தால்
துண்டறிக்கை எங்கள் கையிலேயே இருந்தது.

தலைமையகத்துக்கு ஒரு சுவரொட்டி போதுமாம்:
விண்வெளி உடை, பின்னால் நீல உருண்டை,
கீழே "உயரத்திலிருந்து பார்த்தவள்."
வானத்தை வில்லாய் வளைப்பேன்
மணலைக் கயிறாய்த் திரிப்பேன் என்பவர்களுக்கு
எந்தத் தொகுதியிலும் பஞ்சமில்லை.
வானம் வளையாது என்று
போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் இவள் ஒருத்தி.
அதுதான் சிக்கல்.

நாற்பத்தோராவது கதவு
வெர்னா வைட்காஃபுடையது.
நிலையில் ஒட்டியிருந்த அரசாங்கக் காகிதம்
மஞ்சளாகி, ஓரம் சுருண்டு:
கொதிக்க வைத்துக் குடிக்கவும்.
தேதியைப் பார்த்தேன். பதினோரு வருடம்.

வெர்னா கழிப்பறை பற்றிக் கேட்கவில்லை.
குழாயைத் திறந்தாள். அது இருமியது,
பிறகு தேநீர் நிறத்தில் வந்தது.
தம்ளரை மேசைமேல் வைத்து
"குடி" என்றாள்.

சுன்னிவா தம்ளரைத் தொடவில்லை.
வழக்கம்போல் கதை சொல்ல ஆரம்பித்தாள்:
நூற்று அறுபத்தேழு நாள்
நாங்கள் ஆறு பேர்
எங்கள் சிறுநீரையும் வியர்வையையும்
மூச்சின் ஈரத்தையும்கூடச் சுத்தமாக்கிக் குடித்தோம்.
ஒரு வடிகட்டி அடைத்துக்கொண்டால்
நான்கு நாடுகளில்
ஆட்கள் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவார்கள்.

"ஆறு பேருக்கு" என்றாள் வெர்னா.
அடுப்பில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது.
"இங்கே நானூற்றுப் பதினெட்டுப் பேர்.
எங்களுக்காக எவன் எழுந்தான்?"

திரும்பும் வழியில் தொண்ணூறு கிலோமீட்டர்
டயர் சத்தம் மட்டும்.
அப்புறம் டார்ச் அடித்துப் பட்டியலைப் பார்த்தாள்.
"அந்தப் பையனுக்கு வாக்கு இல்லை, இதில் பெயர் வராது.
என்ன வயது இருக்கும்?"
"ஒன்பது" என்றேன். "மிஞ்சினால் பத்து."
அந்தக் காகிதம் அவனைவிட மூத்தது.

விவாத மேடை ஹாக்கி அரங்கத்தில்.
பூமி எப்படி இருந்தது என்று கேட்டார் நடுவர்.
"அழகாக இருந்தது. அடுத்த கேள்வி?"
என்றுவிட்டு
கைப்பையிலிருந்து எடுத்தாள் வெர்னா வீட்டுப் பாட்டிலை.
மூன்று வேட்பாளர்கள் முன்னால் வைத்தாள்.
ஒருவரும் மூடியைத் திருகவில்லை.
வித்தை காட்டுகிறாள் என்றார் ஒருவர்.
சிலர் கைதட்டினார்கள்.
என் சொந்த அண்ணன் எழுந்து வெளியே போனான்.

மேலே போகும்போது
பத்திலிருந்து பூஜ்யத்துக்கு எண்ணுவார்கள்.
இங்கே பூஜ்யத்திலிருந்து எண்ணினார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு குறைவாக
நின்றுபோனது.
தலைமையகம் ஒருமுறை கூப்பிட்டது.
பிறகு கூப்பிடவில்லை.

மே மாதம். எங்கும் சேறு.
"டிரக் இருக்கிறதா?" என்று கேட்டாள்.
பெட்ரோல் காசு யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.
இருக்கைக்குப் பின்னால் முப்பத்தாறு மாதிரிப் பாட்டில்கள்
குழிக்குக் குழி கிணுகிணுத்தன.
ஒவ்வொன்றிலும் தேதி, வீட்டு எண்
பொடிப் பொடி எழுத்தில்.

"தோற்றவர்கள் திரும்பி வருவதில்லையே"
என்றாள் வெர்னா.
உள்ளே வரச் சொல்லவில்லை; கதவை மூடவும் இல்லை.
அவள் இடுப்புக்குப் பின்னாலிருந்து பையன் எட்டிப் பார்த்தான்:
"மேலே கழிப்பறை எப்படி?"

"ஒரு புனல்" என்றாள் சுன்னிவா,
பையிலிருந்து ஒன்றை எடுத்து
அவன் கையில் கொடுத்தாள்.
"நேராகப் பிடி."
குழாய் இருமியது.