நான்கு ஸ்டாப் இருட்டு

பதினோரு வருடமாய் ஒரே காரில் போகிறோம்
சக்ரனும் நானும்.
பின்சீட்டில் இரண்டு பைகள்,
ஒன்றின் வாரில் சிவப்பு, ஒன்றின் வாரில் மஞ்சள்,
பிரேக் போட்டால் மட்டும் ஒன்றையொன்று தொடும்.

அவனுடையது கேனான். என்னுடையது நிக்கான்.
அவன் லென்ஸ் வலப்பக்கம் திருகினால் பூட்டும்,
என்னுடையது இடப்பக்கம்.
டோங்காட்டில் ஒரு நிச்சயதார்த்தத்தில்
என் ஐம்பது எம்எம் தரையில் விழுந்து சிதறியபோது
அவன் பையில் மூன்று லென்ஸ் சும்மா கிடந்தன.
மூன்றும் என் கேமராவின் வாய்க்குச் சேராதவை.

"உன் பெட்டி," என்பான் உம்கேனி சாலை சிக்னலில்,
"அத்தைமார் முகத்தில் பச்சை மிளகாய் அரைத்துப் பூசுகிறது."
உன் பெட்டி கல்யாணத் தரகன், என்பேன்,
எல்லாரையும் நல்ல நிறம் என்கிறது.
அட்டையில் நிறத்தை எழுதிக் கொடுத்த ஊர் இது.
அந்த வார்த்தையைச் சொன்னதும்
இரண்டு பேருமே கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்ப்போம்.

கேனானுக்கு நாமெல்லாம் சற்று வெயிலில் நின்றவர்கள்.
நிக்கானுக்கு இப்போதுதான் மழையிலிருந்து உள்ளே வந்தவர்கள்.
இரண்டும் பொய்.
ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் வருவதால்
இரண்டு பொய்யையும் ஒரே பொய்யாக்குவது
என் ராத்திரி வேலை.

சண்டையெல்லாம் இங்கிலீஷில்தான்.
தோற்கும்போது மட்டும் அவனுக்குத் தமிழ் வரும்:
ஐயோ.

போன ஞாயிறு, சாட்ஸ்வர்த்தில்,
பிரெவானி மூட்லிக்குக் கல்யாணம்.
அந்த வேலை வேண்டாம் என்றான் முதலில்,
பெட்ரோலுக்குக் கட்டாது என்றான்,
வீட்டிலிருந்து பத்து நிமிஷ தூரத்து மண்டபத்துக்கு.

எல்ஈடி திரைக்காக ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி.
கெட்டிமேளத்துக்குக் குருக்கள் கையைத் தூக்கினார்,
மின்சாரம் போயிற்று.
வெளியே ஜெனரேட்டர் இருமியது, நின்றது, இருமியது.
நாற்பது வினாடி.
ஒரு குத்துவிளக்கு காட்டுகிற அளவுக்கு மட்டும்
கல்யாணம் மிச்சமிருந்தது.
டயலைத் திருப்பத் தோன்றவில்லை எனக்கு,
அழுத்திக்கொண்டே இருந்தேன்.
திரையில் கறுப்பு, கறுப்பு, ஒரு மஞ்சள் புள்ளி, கறுப்பு.

சக்ரனின் கார்டில் அந்த நாற்பது வினாடி இல்லவே இல்லை.
தாலி தட்டில் இருக்கிறது;
அடுத்த படத்தில் அட்சதை தரையில் கிடக்கிறது.
"என்னுடையதற்கு இருட்டு ஆகாது, தெரியும்தானே,
நிழலைத் தூக்கினால் சிவப்பாய்க் கோடு கோடாய் வரும்."
உண்மைதான்.
வருடக்கணக்காய் நான் குத்திக் காட்டியதுதான்.
அவனாக ஒப்புக்கொண்டது இதுவரை இல்லை.

ராத்திரி ஒன்றரைக்கு என் கறுப்பைத் திறந்தேன்.
ஒரு ஸ்டாப் தூக்கினேன். விரல்கள், மஞ்சள் கயிறு.
இன்னொன்று. மாப்பிள்ளையின் காது, குருக்களின் கைக்கடிகாரம்.
இன்னொன்று. முன்வரிசையில் ஃபோனைத் துழாவும் பெண்கள்.
நான்காவதில்
தூணருகே சக்ரன்.

கேமரா வயிற்றில் தொங்குகிறது.
கைகள் அதன்மேல் இல்லை, எங்கேயும் இல்லை.
யாருக்கும் கண் தெரியாத நேரம் ஒன்று
கணக்கில் வராமல் கிடைத்துவிட்டதென்று
நம்பிவிட்ட முகம்.
அவளைப் பார்க்கிறான்.
தோல் நிறம், சொல்லக்கூடாது, அபாரமாய் வந்திருந்தது,
பச்சை துளியும் இல்லை.

பதினோரு வருடச் சண்டைக்கு ஒரே படத்தில் தீர்ப்பு.
காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பாய்
அவனைத் திரும்ப இறக்கிவிட்டேன்.

திங்கள்கிழமை காரில் கேட்டான்,
கண்ணை சிக்னலிலிருந்து எடுக்காமல்,
இருட்டில் உன் நிக்கான் என்னதான் பிடித்தது?

ஒன்றும் தேறவில்லை, என்றேன்.
வெறும் புள்ளி. உன்னுடையதே தேவலை.

விளக்கு பச்சைக்கு மாறியும் வண்டியை எடுக்கவில்லை.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
முதல்முறையாய் ஜெயித்தவன்
ஐயோ, என்றான்.