பதினேழாம் இடுக்கி

கொவ்த் நகர மருத்துவமனையின் அடித்தளத்துக்கு
இரவு பதினொன்றுக்கு வந்து சேர்கிறது தட்டு.
ஆடு மேய்க்கும் ஒருவரின் ஈரலிலிருந்து
நீர்க்கட்டியை எடுத்த கருவிகள்.
மேலே அவர் இன்னும் மயக்கத்தில்.

நரங்கெரெல் கையுறையை முழங்கைவரை இழுத்துக்கொள்கிறாள்.
ஈரம் போவதற்குள் தொட்டுவிட வேண்டும்.
காய்ந்த ரத்தத்தோடு வாதாட முடியாது.

கத்தரிகள் வாய் திறந்து,
இடுக்கிகள் கால் அகட்டி,
பூட்டெல்லாம் அவிழ்ந்து
வெதுவெதுப்பான நொதி நீரில் கிடக்கின்றன.
தூரிகை தண்ணீருக்கு அடியிலேயே ஓட வேண்டும்,
மேலே வந்தால் தெறிக்கும்.
பல்லிடுக்கில் வரி போன போக்கில்.
கம்பி நார் கூடவே கூடாது:
வீட்டில் பால்சட்டியைத் தேய்த்து மின்னவைக்கும் கை
இங்கே அடங்கி நடக்கிறது.

வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
ஒலிக்குளியல் தொட்டி தேன்கூடு போல் இரைகிறது.

பிறகு உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக.
பதினேழாவது, வளைந்த மூக்கு,
கீல் கூடும் இடத்தில் ஒரு பழுப்புப் புள்ளி.
கடுகில் கால்வாசி இருக்கும்.

மகன் தெமூலெனின் அழிப்பான் அவள் பையில் உண்டு.
ஸ்ட்ராபெரி வாசம் வரும்.
கறையென்றால் அழியும், அடியில் வழவழப்பிருக்கும்.
துருவென்றால் நிறம் போன இடத்தில்
ஒரு குழி திரும்பிப் பார்க்கும்.

பார்த்தது.

எவர்சில்வர் என்கிறோம்.
அதில் அந்த எவர்
கொஞ்சம் அவசரப்பட்டுக் கொடுத்த வாக்கு.

ஜனவரி ஒன்பது.
குழாய் உறைந்து ஒரு சொட்டும் வராத இரவு.
அறுவை முடிந்த தட்டு காய்ந்துகொண்டிருந்தது.
நரம்பில் ஏற்றும் உப்பு நீர் அலமாரியில் இருந்தது,
நான்கு போத்தல்.
உடம்புக்கு ஒத்துக்கொள்வது எஃகுக்கு ஆகாதென்று
தெரியும் அவளுக்கு.
தெரிந்துதான் ஊற்றினாள்.
விடிந்து குழாய் இளகும்வரை ஆறு மணி நேரம்.
யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உப்பிட்டவரை
எஃகும் மறப்பதில்லை.

தொலைபேசியில் டாக்டர் சோக்சோல்மா:
"ஒரு புள்ளிதானே, நரா?
புதுசு வசந்தத்தில்தான் வரும்."
"ஒன்றோடு நிற்காது டாக்டர்.
கொதிகலனுக்குள் பக்கத்தில் இருப்பதையும் பிடிக்கும்."
"பதினாறை வைத்துக்கொண்டு நான்—"
கம்பியில் காற்று இரைந்தது.
"சரி. எடுத்து வை."

பதிவேட்டில் கடைசிப் பத்தி: காரணம்.
மூன்று மாதமாக அந்தப் பத்தியில்
பழசு, பழசு, பழசு.
பேனா மையும் குளிரில் இறுகியிருந்தது,
உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றி எழுதினாள்:
உப்பு நீர். ஜனவரி 9. இரவு. நான்.

மீதிப் பதினாறும்
வெள்ளையான கருவிப் பாலில் முங்கி எழுந்து
கீல் இளகி வடிகின்றன.
அவளுடைய குடுவைத் தேநீரிலும் பால்தான்,
அதில் உப்புண்டு.
ஒரு மேசையில் இரண்டையும் வைப்பதில்லை அவள்.

துணி இரண்டு சுற்று. ஒட்டுநாடா.
நூற்று முப்பத்து நான்கு பாகை நீராவி.
நாடாவின் வெளிர்க்கோடுகள் கறுக்கும்வரை
சுவரில் சாய்ந்து நிற்கிறாள்.
கறுத்த பின்னும் திறப்பதில்லை;
ஈரப் பொட்டலம் எடுத்தவள் கையையே நம்பாது.

விடியலில் மாடியிலிருந்து சேதி வந்தது.
மேய்ப்பர் கண் விழித்ததும்
தேநீர் கேட்டாராம்.
இப்போது கூடாது என்றார்களாம்.
பஞ்சை வெறும் தண்ணீரில் தொட்டு
உதட்டை மட்டும்
நனைத்தார்களாம்.