எட்டாம் தலைமுறை

வண்ணார்பேட்டையில்
செருப்புக்கடைக்கு மேல் மாடி.
ஏறும்போதே ஈயம் உருகும் வாசனை.
பையில் பதினாலாயிரத்து ஐந்நூறு,
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது.
ரப்பர் பேண்டுக்குள்
மூன்று தடவை எண்ணியாச்சு.

பிரம்மநாயகம்
சேலை விரிக்கிற மாதிரி
ஒவ்வொன்றாய்த் திறந்து வைத்தார்.
“கீறல் கிடையாது பாத்துக்கிடுங்க. ஐ செவன்.
ஏழு பெருசா அஞ்சு பெருசா,
நீங்களே சொல்லுங்க.”

ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில்
பதினோரு வருஷம் கூட்டிக் கழித்தவளுக்கு
அது தெரியாதா.
வெள்ளி மாதிரி மினுங்கியது.
அதன் மூடியில் என் முகம்
கொஞ்சம் இளமையாகவே இருந்தது.

“அண்ணாச்சி,
இதுக்கு அப்டேட்
எந்த வருஷம் வரைக்கும் வரும்?”

காற்றாடி ஒரு சுற்று சுற்றியது.
“படம் ஓடும், எக்செல் ஓடும்,
வேற என்ன வேணுங்கியோ?”

இந்த மாதிரி பதில் எனக்குப் பழக்கம்.
ஆறு மாசத்துக்கு ஒரு தாள்.
கையெழுத்துப் போடும்போது
அடுத்த தாள் உண்டா சார் என்பேன்.
உங்க கவுண்டர்ல ஏ.சி. நல்லா வருதா என்பார்.

மூலையில்
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு
யாருடைய போர்டையோ கிண்டியிருந்தவள்,
ரூபி என்று கூப்பிட்டார்கள்,
எழுந்து வந்தாள்.
இரண்டு விசையைத் தட்டினாள்.
திரையில் வந்த வரியை
ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டாள்.
ஏழுக்குப் பிறகு ஒரு கோடு.
கோட்டைத் தாண்டி, ஆறு.
ஒன்றும் பேசாமல்
போய் உட்கார்ந்துவிட்டாள்.

முன்னால் நிற்கிற ஏழு வெறும் பட்டம்.
பின்னால் நிற்கிற ஆறுதான் பிறப்பு.

ஏழு தலைமுறை உட்கார்ந்து சாப்பிடலாம் என்று
சொத்துக்குச் சொல்வார்கள்.
இங்கே ஏழையும் சேர்த்து
வாசலில் நிறுத்திவிட்டார்கள்.
எட்டுக்குத்தான் கதவு.

ரூபியைப் பார்த்த பிரம்மநாயகத்தின் கண்ணில்
அவளுடைய அரை மாதச் சம்பளம் தெரிந்தது.

“எட்டு இருக்கா?”

அலமாரிக்கு அடியிலிருந்து வந்தது.
கருப்பு. ஒரு மூலை நசுங்கல்.
ஏதோ கல்லூரியின் சொத்து எண்
சுரண்டியும் போகாமல்.
அதிகம் அடிபட்ட நாலு விசை
எழுத்தே இல்லாமல் வழுக்கையாய்.
பாட்டரி முக்கால் மணி நேரம்.
கீல் மட்டும் கிண்ணென்று நின்றது.

“ராம் போட இன்னொரு எடம் இருக்குக்கா,”
இந்தத் தடவை வாய் திறந்தாள் ரூபி.
“துட்டு வந்த பொறவு போட்டுக்கிடலாம்.”

பதினைந்து சொன்னார்.
பதிமூன்றில் ஆரம்பித்தேன்.
நடுவில் கரண்டு போனது.
இருட்டில் பேரம் லேசு,
முகம் பார்க்க வேண்டாம்.
வெளிச்சம் வந்தபோது
பதினாலில் நின்றிருந்தோம், சார்ஜர் சேர்த்து.
பைக்குத் தனி விலை என்றார்.
கட்டைப்பையில் பழைய துண்டைச் சுற்றி வைத்தேன்.

முக்கூடல் பஸ்ஸில்
பக்கத்து சீட்டு அக்கா,
“புதுசா வாங்கியிருக்கியளா?”
“எட்டு வருஷப் பழசு” என்றேன்.
நான் ஏன் சிரித்தேன் என்று
அவளுக்கு விளங்கவில்லை.

ராத்திரி
செல்போனில் நெட்டைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்.
இருபத்தேழு.
நாற்பது.
நாற்பதிலேயே ரொம்ப நேரம்.

இந்த நசுங்கின மூலையைப் பார்த்தேயிராத யாரோ
இதை இன்னும் பேரேட்டில் வைத்திருக்கிறார்கள்.
பேரை அடிக்கிற நாள் வந்தால்
தேதி போட்டு
முன்கூட்டியே சொல்வார்களாம்.

திங்கட்கிழமையிலிருந்து
மூன்று கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு.
உரக்கடை உறுதி.
மற்ற இரண்டும் பார்ப்போம் என்றிருக்கிறார்கள்.

சார்ஜர் வயர் எட்டவில்லை.
ஸ்விட்ச் பக்கமாய்
நாற்காலியை இழுத்துப் போடுகிறேன்.
நாற்பத்தொன்று.