காலி லோரியின் எடை

திரையில் ஒரு தாமரை, கீழே பச்சைப் பொத்தான்.
தொட்டால் சென்னைக்காரி போல ஒருத்தி
"கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள்" என்கிறாள்.

மூடினால் லோரி வருகிறது.

பகாவுக்கு வெளியே செம்பனை ஆலை.
வாசலில் நிறுவைப் பாலம்.
அதன் ஓரத்துக் கண்ணாடிக் கூண்டு என்னுடையது,
பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்துவரை.

டாக்டர் நூர்ஹயாத்தி
கைப்பட்டையை அவிழ்த்தபடி சொன்னார்:
நூற்றறுபதுக்கு நூறு.
மாத்திரை இருக்கட்டும், இதையும் போட்டுக்கொள்.
கிளினிக் வைஃபையில் அவரே இறக்கித் தந்தார்.
ஏழு நாள் இலவசம்.

நான்கு எண்ணி இழு. ஆறு எண்ணி விடு.
இழுத்தால் ஆலை ஆவி,
வெந்த பழமும் புளித்த கழிவும்.
எனக்கு அது நாற்றமே இல்லை.
பெக்கானில் பஸ் ஏறும்போதுதான்
பக்கத்து இருக்கைக்காரர் முகத்தில் தெரியும்.

மறுநாள் அவள் சொன்னாள்:
"எண்ணங்களை எடை போடாதீர்கள்.
வருவதை வரவிடுங்கள்,
போவதைப் போகவிடுங்கள்."
சிரித்துவிட்டேன்.
எடை போடத்தானே அம்மா எனக்குச் சம்பளம்.
வருவதை அப்படியே வரவிட்டால்
ஆ கியோங் முன்சீட்டில் இரண்டு பேரோடு பாலம் ஏறுவான்.
பழம் கொட்டிவிட்டுத் திரும்பி ஏறும்போது
அந்த இரண்டு பேரும்
மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.
நூற்றைம்பது கிலோ,
எந்த மரத்திலும் காய்க்காத பழம்.

அதனால் ஒரு கண்ணை மட்டும் மூடப் பழகினேன்.

ஜோகூரிலிருந்து அவர் கூப்பிட்டார்,
மூச்சுக்கு நடுவில்.
இந்த வாரமும் ஓட்டியாம், வரமாட்டாராம்.
சரி என்றேன்.
என்ன பண்ணிக்கிட்டிருக்க?
மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன்.
கிண்டலா என்று வைத்துவிட்டார்.

ஒரு நாள் மறந்துபோனேன்.
தாமரை வாடிக் காட்டியது.
ஒரு பூவிடம் மன்னிப்புக் கேட்கும் நிலைமை.

"மனதைக் காலியாக்குங்கள்" என்றாள் பிறகு.
காலியைப் பற்றி எனக்குத் தெரியும்.
கொட்டி முடித்து, தார்ப்பாய் சுருட்டி,
கடகடவென்று திரும்பி ஏறும் லோரி
பதினோராயிரத்து நானூற்று இருபது கிலோ.
ஒரு பழம்கூட இல்லை உள்ளே.
அதைக் கழித்தால்தான் கணக்கு.
காலி என்றால் பூஜ்யம் என்று
இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது?

என்னிடமும் கொட்டிவிடலாம்,
மைவி தவணை, யுவனேஷின் கணக்குப் பாட மதிப்பெண்,
அவருடைய ஓட்டி.
கொட்டிய பிறகும் ஏதோ பாலத்தை அழுத்துகிறது.
தம்பி போய் மூன்று வருஷம்,
அவன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை.
அது சரக்கா, வண்டியா?

ஏழாம் நாள் இரவு
குரலைப் பூட்டிவிட்டார்கள்.
மாதம் நாற்பத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு.
மணியோசைக்கு மட்டும் காசில்லை:
தொடக்கத்தில் ஒன்று, பத்து நிமிஷம் கழித்து ஒன்று.

மழை விட்டிருந்தது. கடைசி லோரியும் போயிற்று.
செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு
பாலத்தின் நடுவில் போய் உட்கார்ந்தேன்.
தகட்டில் பகல் சூடு மிச்சம் இருந்தது,
மழைக்குப் பிறகும்.
மணியைத் தொட்டேன்.

காவலுக்கு நிற்கும் தில் பகதூர்
கூண்டுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக் கத்தினான்:
காக், லாப்பான் பூலோ!
எண்பதாம்.
மழைத்தண்ணீரும் சேர்ந்திருக்கும்,
இருபது கிலோவுக்குக் குறைந்து இந்தப் பாலத்துக்கு எண்ணத் தெரியாது.

பூஜ்யத்துக்குக் கொண்டுவரவா என்று கேட்டான்,
விரல் பொத்தான்மேல்.

வேண்டாம் தில்,
மணி அடிக்கும்வரை
அப்படியே காட்டிக்கொண்டிருக்கட்டும் என்றேன்.