பெயர் இல்லாத சிப்பி

செப்புத் தகட்டில் மை பூசுபவன் லூபெர்ட்,
துடைப்பவள் நான்.
முதலில் கந்தல். பிறகு சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கை.
கோட்டுக்குள் மை நிற்கவேண்டும்,
மேட்டில் பொட்டும் கூடாது.
ஆம்ஸ்டர்டாமில் கடலை
என்னளவு தடவிப் பார்த்தவர் யாருமில்லை.

செதுக்கிய ஏவர்ட்
ஹார்லெமுக்குக் கால்வாய்ப் படகேறினாலே வாந்தியெடுப்பார்.
சூலமும் பாசித் தாடியுமாக அவருடைய கடலரசன்
மீன்சந்தையில் விலாங்கு விற்கும் டிர்க்.
நங்கூரத்தில் சாய்ந்து வானம் பார்க்கும் நம்பிக்கை என்னும் பெண்
மூன்று மாத வாடகை பாக்கி.
நான்கு மூலையிலும் காற்றூதும் குழந்தைகளுக்கு
ஒரே கன்னம்:
ரொட்டிக்கடைப் பையனுக்குப் பல்வலி வந்த வாரம்
பார்த்து வரைந்தது.

நடுவே பெரிய சிப்பி,
இரண்டு டால்பின்கள் முதுகில் தாங்க.
உள்ளே ஒன்றுமில்லை.
புத்தகத்தின் பெயர் அங்கே வரும்.
புத்தகம் ஒரு கப்பல் தலைவனின் நாட்குறிப்பு.
நாட்குறிப்பு கப்பலில்.
கப்பல் டெக்ஸலை விட்டு நான்கு வருடமாகிறது.
பதிப்பாளர் ஹில்பிராண்ட் அவசரக்காரர்,
தொட்டில் செய்து வைத்தால் பிள்ளை வந்துவிடும் என்கிறவர்.

கோடு நெருங்கிய இடத்தைத் துடைப்பது எளிது,
கை பிசகினால் அலை மன்னிக்கும்.
வெற்றிடம் மன்னிக்காது.
சிப்பிக்குள் என் ரேகை ஒன்று தங்கினாலும்
தாளில் மூட்டமாய் எழும்.
லூபெர்ட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான்.
"மறுபடி."

தலைவனின் மனைவி ஆல்ட்யே ஒருநாள் வந்தாள்,
மழையில் நனைந்த காலணியோடு.
தகட்டையே பார்த்து நின்றாள்.
"கப்பல் போகிறதே."
அச்சில் எல்லாம் திரும்பிவிடும் அம்மா என்று
ஈரத்தாளை உரித்துக் காட்டினேன்.
இடப்பக்கம் போன பாய்மரம்
இதோ, வலப்பக்கம்.
மாலுமி வீட்டுப் பெண் அவள்.
நெடுநேரம் பார்த்தாள்.
"கோபுரமும் கூடவே திரும்பிவிட்டது," என்றாள்,
"இன்னும் ஊருக்கு முதுகைத்தான் காட்டுகிறது."

அத்தனை ஆயிரம் தடவை துடைத்தும்
எனக்கு அது படவில்லை.

காசு கொடுக்க வந்தாள். வாங்கவில்லை,
அவள் எடுத்தது கெட்டுப்போன தாள்.
சிப்பிக்குள் மூட்டமும்
அதில் பாதிக் கட்டைவிரலும்.

பனி உருகியபின் ஹில்பிராண்ட் தகட்டை விற்றார்.
வாங்கியவர் சிப்பிக்குள் பெயர் வெட்டச் சொன்னார்:
மத்தி மீன் பீப்பாய்களுக்கான உப்பு வரி, விதிகளும் விலக்குகளும்.
ஏவர்ட் மூன்று நாளில் முடித்தார்.
டிர்க் ஒரு பிரதி கேட்டான், தாடியைப் பார்க்க.

இப்போது துடைப்பது சுலபம்.
கை பிசகினாலும்
எழுத்து மன்னிக்கிறது.