பேர் விழாதவர்கள்

ஆறரைக்குப் பெரட்டு.
அதற்குள் இரண்டு தடவை எழும்பி
மாவுச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாயிற்று.
நேற்றிரவு விட்ட உயரத்தில்
அப்படியே கிடக்கிறது.

ஆனி பிறந்தால் மஸ்கெலியாவில்
மாவுக்கும் கம்பளி வேண்டும்.
மகனின் பழைய சுவெட்டரைச் சுற்றி
அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே செருகி
ஞானசெல்வியிடம் கடன் வாங்கிய
ஒரு கரண்டி புளித்த மாவையும் கலந்து
உப்புப் போட்டு, கையாலேயே கரைத்து,
இனி உங்கள் பாடு என்று விட்டேன்.
அவர்கள் வேலைக்கு வரவில்லை.

நுண்ணங்கி என்று புத்தகத்தில் இருந்தது.
சாதாரண தரத்தில் நாலு புள்ளி
அந்த ஒரு சொல்லுக்கு வாங்கியிருக்கிறேன்.
விஞ்ஞானத்துக்கு சி.
அடுத்த மாதமே கூடை.

தொழிற்சாலையில் இலை புளிக்கிறது என்பார்கள்.
அது புளிப்பே இல்லையாம்,
கசங்கிய இலையும் காற்றும் பண்ணுகிற காரியமாம்.
அங்கே இவர்களுக்கு வேலை கிடையாது.
மலையில்தான் இருக்கிறார்கள்:
மூன்று நாள் மூட்டம் விடாமல் விழுந்தால்
தளிரில் எண்ணெய் தெறித்த மாதிரி ஒரு பொட்டு,
பிறகு கொப்புளம்,
திருப்பினால் அடியில் வெள்ளைப் பூச்சு.
அந்தக் கொழுந்தைக் கிள்ளினால் கணக்கப்பிள்ளை ஏசுவார்.
கிள்ளாவிட்டால் கிலோ குறையும்.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.

பீலித் தண்ணீரிலும் இருக்கிறார்கள்.
ரத்நாயக்க ஐயா போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்.
பத்தாம் நாள் கடிதம் வந்தது, சிங்களத்தில்.
கொதிக்க வைத்துக் குடிக்கட்டாம்.
விறகைப் பற்றி
அதில் ஒரு வரியும் இல்லை.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு
லயத்துக்குப் பின்னால் மண் ஒரு தரம் உறுமியது.
எல்லாரும் இறங்குங்கள் என்று
யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள்.
அடையாள அட்டை, பிள்ளையின் கிளினிக் கொப்பி,
சேமலாப நிதிக் கடிதம்.
எல்லாம் ஒரு பையில்.
மற்றக் கையில் ஏன் சட்டியைத் தூக்கினேன்
என்று கேட்டால் தெரியாது.
உழுந்து விற்கிற விலைக்கு
விட்டுவிட்டு வர மனம் வரவில்லை,
அவ்வளவுதான்.

பாடசாலையில் ஒரே மண்டபம்.
ஈரச் சீலை, ஈரச் சாக்கு, மண்ணெண்ணெய் வாசம்.
ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள்.
யாருடைய இருமல் யார் நெஞ்சுக்குள் போனதோ,
செல்லக்கண்ணுவின் கைக்குழந்தை
யார் யார் மடியில் தூங்கியதோ.
நான் சட்டியை வயிற்றோடு அணைத்து
நாலாம் வகுப்புக் கரும்பலகைக்குக் கீழே
குந்தியபடி கண்ணயர்ந்தேன்.

விடியும்போது மடி நனைந்திருந்தது.
மழை ஒழுகுகிறது என்று தடவிப் பார்த்தால்
மாவு.
மூடியைத் தள்ளி,
சுவெட்டர் கழுத்து வழியாகத் தலை நீட்டி
வழிந்துகொண்டிருந்தது,
சின்னச் சின்னக் கண்களாய் வெடித்து வெடித்து.
என் வீட்டில் ஒரு நாளும்
அது அப்படிப் பொங்கினதில்லை.
நாலு பேர் மூச்சு அதற்குப் போதவில்லை போல.

கிராம சேவகர் வந்து
தலைகளை எண்ணி எழுதிக்கொண்டார்:
எண்பத்து மூன்று.
நான் திருத்தவில்லை.
ராவெல்லாம் வேலை செய்தவர்களுக்கு
எந்தச் செக்ரோலில் பேர் விழும்?

வாச்சரின் வீட்டிலிருந்து கல் வந்தது.
ஞானசெல்வி ஊற்றினாள், நான் திருப்பினேன்.
ஆளுக்குக் கால் தோசை,
பிள்ளைகளுக்கு அரை.
சம்பல் இல்லை, சீனி தொட்டுக்கொண்டார்கள்.
நல்ல புளிப்பு என்றார் ஒருவர்.
புளிப்புக் கூடிப்போச்சு என்றாள் அவர் மனைவி.

லயம் நிற்கிறதா என்று பார்க்க மேலே போனவர்கள்
இன்னும் இறங்கவில்லை.
சட்டியின் அடியை வழித்து
ஒரு கரண்டி மாவைத்
தயிர்க் கோப்பையில் மிச்சம் வைத்திருக்கிறேன்.
எந்தச் சுவர் ஓரம் வைப்பது என்றுதான்
இன்னும் தெரியவில்லை.