படி

ரோஸ்டாக் துறைமுகத்துக்குப் பின்னால்
வலைகள் வைத்திருந்த பழைய கிடங்கு.
ஹீட்டர் பாதி வேலை செய்யும் பிப்ரவரி.
மேசையில் முதுகு மஞ்சளித்த ரோபோட்ரான்,
எதிரே அதைவிட நான்கு வயது இளைய டாஸ் கம்ப்யூட்டர்,
நடுவில் ஒரு சீரியல் கேபிள்.

கேபிளைச் சந்தேகித்தோம், மாற்றினோம்.
ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தோம்.
வேகத்தைக் குறைத்து, இன்னும் குறைத்து,
ஆமை நடையில் அனுப்பியும்
அந்தப் பக்கம் வந்து இறங்கியது
ஆயிரத்து இருநூற்று மூன்று பைட்டு.
இங்கேயே ஃபிளாப்பிக்கு ஃபிளாப்பி எடுத்த படியிலோ
ஆயிரத்து இருநூற்று எண்பது.

நட்டம் என்றேன் நான்.
கழிவு என்றார் வோல்ஃப்ஹார்ட், சிறியதே போதும் என்றார்.
ஓர்ட்ரூன் தேநீரைக் கீழே வைக்காமல் கேட்டாள்:
"கேபிள்தான் திருடன் என்றால்
ஒவ்வொரு தடவையும்
எழுபத்தேழை மட்டுமா திருடுவான்?"

பழையவனுக்குக் கோப்பின் நீளம் தெரியாது.
நூற்றிருபத்தெட்டு பிடிக்கும் படியால் அளப்பான்.
அரைப்படி, கால்படி அவன் கடையில் இல்லை.
பத்தாவது நிறையாவிட்டாலும் பத்துதான்.
எழுத்து முடிந்த இடத்தில் ஒரு குறி,
இருபத்தாறாம் எண்,
கண்ணுக்குத் தெரியாத ஒரு 'போதும்'.
கேபிள் வழி போனது அதைக் கண்டதும்
கதவைச் சாத்திவிட்டது.
படிபடியாய் அள்ளியது
அடியில் கிடந்ததையும் சேர்த்து அள்ளியது.

கிடந்தது என்ன?
ஓர்ட்ரூன் பதினாறின் எண்களில் திறந்தாள்.

கப்பல் பட்டறையின் பெயின்ட் கணக்கு, 1987.
சிவப்பு ஈயம் நாற்பது டப்பா.
சாம்பல் பன்னிரண்டு, ஒன்று நசுங்கியது.
பிறகு குறி.
குறிக்குப் பிறகு
எப்போதோ தட்டி, அனுப்பாமல் அழித்த கடிதத்தின் வால்,
தலையில்லாமல்:

ஏணியைத் திருப்பித் தரும்வரை வோல்ஃப்ஹார்டுக்கு
ஒரு டப்பாகூடக் கிடையா

அங்கே படி நிறைந்துவிட்டது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அவர் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.
"அலுமினியம்," என்றார் கடைசியில்.
"பதினான்கு படி. என் காரேஜில்தான் இருக்கிறது."

எது சரியான நகல் என்ற பேச்சு
அதற்குப் பிறகு எழவில்லை.
ஓர்ட்ரூன் இரண்டு ஃபிளாப்பிக்கும் லேபிள் ஒட்டினாள்.
ஒன்றில் 1203.
இன்னொன்றில் 1280,
அதன் கீழே சின்ன எழுத்தில்:
ஏணியுடன்.